எஸ்போசிட்டோ (குடும்பப்பெயர்)

எஸ்போசிட்டோ என்பது இத்தாலியில் மிகுதியாக வழங்கும் குடும்பப்பெயர்களுள் ஒன்றாகும். தென் இத்தாலியின் நாப்போலி (நேப்பிள்ஸ்) நகரிலும், அந்நகரைத் தலைநகராகக் கொண்ட கம்பானியா மண்டலத்திலும் எண்ணிக்கையில் இதுவே முதலிடம் வகிக்கிறது. நாடு முழுவதற்குமான பட்டியல்களில் ரோசி, ருஸ்ஸோ, பெராரி ஆகிய பெயர்களை அடுத்துப் பெரும்பாலும் நான்காம் இடத்தில் இது வைக்கப்படுகிறது. இப்பெயரின் நேர்ப்பொருள் "வெளியே வைக்கப்பட்டவர்" என்பதாகும். பெற்றோரால் கைவிடப்பட்டுக் காப்பில்லங்களில் ஒப்படைக்கப்பட்ட குழந்தைகளைக் குறித்த சொல், அவர்களின் வழிவந்தோருக்குக் குடும்பப்பெயராக நிலைபெற்றது.

பொதுவாக ஒரு குடும்பப்பெயர் எவருடைய வழியில் ஒருவர் பிறந்தார் என்பதைச் சொல்வதற்காக ஏற்பட்டது. எஸ்போசிட்டோ என்ற பெயரோ அந்த வழி தெரியவில்லை என்பதைச் சொல்வதற்காக ஏற்பட்டது. ஆகவே இப்பெயர் கொண்டோர் அனைவரும் ஒரே மூதாதையின் வழியினர் அல்லர். ஒன்றோடொன்று தொடர்பற்ற ஆயிரக்கணக்கான குழந்தைகளுக்குத் தனித்தனியே இப்பெயர் இடப்பட்டது.

சொற்பிறப்பும் ஒலிப்பும்

"வெளியே வை" என்று பொருள்படும் "எக்ஸ்போனெரே" என்னும் இலத்தீன் வினைச்சொல்லின் எச்சவடிவம் "எக்ஸ்போசித்துஸ்". இதுவே நாப்போலி வழக்கில் "எஸ்போசிட்டோ" ஆயிற்று. இக்கால இத்தாலிய மொழியில் இவ்வினையின் எச்சம் "எஸ்போஸ்தோ" எனச் சுருங்கி வழங்குவதால், குடும்பப்பெயரில் உள்ளது பழைய வடிவம் எனலாம். கண்காட்சியைக் குறிக்கும் "எஸ்போசித்சியோனே" என்ற சொல்லும் இதே வேரிலிருந்து வந்ததே. வெளியே எடுத்து வைக்கப்படுவது ஓவியமாயின் கண்காட்சி, குழந்தையாயின் எஸ்போசிட்டோ.

இத்தாலியர் இப்பெயரை ஒலிக்கும்போது "போ" என்ற அசைக்கு அழுத்தம் தருவர். கடல் கடந்து சென்ற குடும்பங்களிடம் இந்த அழுத்தம் இடம் மாறிவிட்டது. வட அமெரிக்காவில் "சி" என்ற அசையை நீட்டி ஒலிப்பதே பெருவழக்கு.

பெயருக்குப் பல திரிபுகள் உள்ளன. முதலெழுத்துக் குறைந்த "ஸ்போசிட்டோ" தென் இத்தாலியில் காணப்படுகிறது. நாப்போலி வளைகுடாவின் தென்கரையிலுள்ள சொரெந்தோ தீபகற்பத்தில் "தெஸ்போசிட்டோ" என்ற வடிவம் மிகுதி. "எஸ்போசிட்டோவின் மகன்" என்பது அதன் பொருள். வட இத்தாலியின் பொலோஞா நகரில் "தெல்யி எஸ்போஸ்தி", அதாவது "வெளியே வைக்கப்பட்டவர்களைச் சேர்ந்தவர்", என்பது வழக்கு. ஸ்பெயினிலும் அதன் முன்னாள் குடியேற்ற நாடுகளிலும் வழங்கும் "எக்ஸ்போசித்தோ" என்ற குடும்பப்பெயர் இத்தாலியிலிருந்து சென்றதன்று. அதே இலத்தீன் சொல்லிலிருந்து அதே காரணத்துக்காக அங்கும் தனியே உருவானதாகும்.

குழந்தைகளை வெளியே வைக்கும் வழக்கம்

வளர்க்க இயலாத அல்லது விரும்பாத குழந்தையை வீட்டுக்கு வெளியே விட்டுவிடும் வழக்கம் பண்டைய ரோமில் இருந்தது. அவ்வாறு விடப்பட்ட குழந்தையை எடுத்தவர் அதனை அடிமையாக வளர்ப்பதும் உண்டு. பேரரசர் யுஸ்தீனியன் 529இல் இயற்றிய சட்டம், வெளியே வைக்கப்பட்ட குழந்தைகளை எடுத்தவர் எவராயினும் அவர்களை அடிமையாக்கக் கூடாது என்று விதித்தது. இடைக்காலத்தில் தேவாலய வாயில்கள் குழந்தைகளை விட்டுச்செல்லும் இடங்களாயின. கைவிடப்பட்ட குழந்தைகளுக்கெனத் தனி இல்லம் 787இல் மிலான் நகரில் ததேயுஸ் என்னும் பாதிரியாரால் நிறுவப்பட்டதாகக் கூறப்படுகிறது.

ரோம் நகரில் தைபர் ஆற்றங்கரையிலுள்ள தூய ஆவி மருத்துவமனையைப் பற்றி வழங்கும் கதை புகழ்பெற்றது. மீனவர் வலைகளில் மீன்களுக்குப் பதிலாகப் பச்சிளங் குழந்தைகளின் உடல்கள் சிக்கியதைக் கண்டு மனம் வருந்திய திருத்தந்தை மூன்றாம் இன்னொசென்ட், 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் அம்மருத்துவமனையை நிறுவினார் என்பது அக்கதை. 15ஆம் நூற்றாண்டில் அங்கு வரையப்பட்ட சுவரோவியங்களில் இக்காட்சி இடம்பெற்றுள்ளது. கதையில் எவ்வளவு உண்மை என்பது ஒருபுறமிருக்க, குழந்தையை ஆற்றில் இடுவதைவிட இல்லத்தில் இடுவது மேல் என்ற எண்ணமே இத்தகைய இல்லங்களின் அடிப்படையாக இருந்தது.

இவ்வெண்ணத்தின் கருவியாக அமைந்தது சுழல்பேழை. இத்தாலியர் இதனை "ருவோத்தா" (சக்கரம்) என்றழைத்தனர். இல்லத்தின் வெளிச்சுவரில் ஒரு திறப்பு இருக்கும். அதனுள் நிமிர்ந்த அச்சில் சுழலும் மர உருளை ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். உருளையின் ஒரு பக்கம் மட்டும் திறந்திருக்கும். தெருவில் நிற்பவர் குழந்தையை அதனுள் கிடத்திச் சுழற்றினால், திறந்த பக்கம் உள்ளே திரும்பிவிடும். பின்னர் மணியை அடித்துவிட்டு அவர் சென்றுவிடலாம். உள்ளே காத்திருக்கும் பெண் குழந்தையை எடுத்துக்கொள்வாள். கொடுத்தவரின் முகத்தை எடுத்தவரும், எடுத்தவரின் முகத்தைக் கொடுத்தவரும் பார்க்க இயலாது. மறைவு காப்பதே இப்பொறியின் நோக்கம்.

மணமாகாத தாயின் மானத்தைக் காப்பதற்காகவே இந்த ஏற்பாடு என்று கருதப்பட்டது. ஆனால் சுழல்பேழையில் இடப்பட்ட குழந்தைகள் அனைவரும் மணமாகாத தாய்மாருக்குப் பிறந்தவர்கள் என்று கொள்வது பிழை. பஞ்ச காலங்களிலும் விலைவாசி ஏறிய ஆண்டுகளிலும், முறைப்படி மணம் புரிந்த ஏழைப் பெற்றோரும் குழந்தைகளை இங்கு விட்டனர். நிலைமை சீரானபின் மீட்டுக்கொள்ளலாம் என்ற நம்பிக்கையுடன் விட்டவர்களும் இருந்தனர். அதனாற்றான் பல குழந்தைகளின் துணிகளில் பாதியாக வெட்டப்பட்ட பதக்கம், இரண்டாகக் கிழிக்கப்பட்ட சீட்டு, புனிதர் படத்தின் ஒரு துண்டு போன்றவை வைக்கப்பட்டிருந்தன. மறுபாதி பெற்றோரிடம் இருக்கும். இரு பாதிகளும் பொருந்தினால் குழந்தை திருப்பித் தரப்படும். இத்தாலியின் பல ஆவணக் காப்பகங்களில் இத்தகைய பாதிகள் இன்றும் பாதுகாக்கப்படுகின்றன. அங்கிருப்பவை பெரும்பாலும் மறுபாதி வந்து சேராதவை.

நாப்போலியின் அனுன்சியாத்தா இல்லம்

எஸ்போசிட்டோ என்ற பெயர் பரவியதற்கு முதன்மைக் காரணமாக அமைந்த நிறுவனம், நாப்போலி நகரின் அனுன்சியாத்தா புனித இல்லமாகும். 14ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் தோன்றிய இவ்வளாகத்தில் தேவாலயம், மருத்துவமனை, குழந்தைகள் காப்பில்லம் ஆகிய மூன்றும் இருந்தன. செல்வர்களின் கொடைகளாலும் நிலங்களின் வருவாயாலும் வளர்ந்த இது, நாப்போலி அரசின் செல்வாக்கு மிக்க அறநிலையங்களுள் ஒன்றாயிற்று. 1757இல் தீக்கிரையான தேவாலயத்தைக் கட்டடக் கலைஞர் லூயிஜி வன்வித்தெல்லி மீண்டும் எழுப்பத் தொடங்கினார். அவருடைய மகன் கார்லோ அப்பணியை நிறைவுசெய்தார்.

இங்கு வந்துசேர்ந்த குழந்தைகளுக்கு மக்கள் வழங்கிய பெயர் "மாதாவின் பிள்ளைகள்" என்பதாகும். சுழல்பேழையருகே இரவும் பகலும் ஒரு பெண் காவலிருப்பாள். குழந்தை வந்தவுடன் அது கழுவப்பட்டு, திருமுழுக்குப் பெற்றதா என்பது பார்க்கப்பட்டு, பதிவேட்டில் குறிக்கப்படும். வந்த நாள், நேரம், ஏறத்தாழ என்ன வயது, உடுத்தியிருந்த துணி, உடலிலுள்ள அடையாளம், உடன் கிடந்த பொருள் ஆகியவை எழுதப்பட்டன. குழந்தைகள் மாறிப்போகாதிருக்கக் கழுத்தில் நூலில் கோத்த ஈய முத்திரை ஒன்று கட்டப்பட்டது. 17ஆம் நூற்றாண்டின் முற்பாதியிலிருந்து இப்பதிவேடுகள் எஞ்சியுள்ளன. நாப்போலியின் ஏழை மக்களைப் பற்றி அறிய முயலும் வரலாற்றாய்வாளருக்கு இவற்றை விடச் சிறந்த மூலங்கள் அரிது.

குழந்தைகளைப் பேணுவது எளிதாக இருக்கவில்லை. ஆட்டுப்பாலையோ மாட்டுப்பாலையோ பாதுகாப்பாகக் கொடுக்கும் முறை அறியப்படாத அக்காலத்தில் குழந்தை பிழைக்க ஒரு பெண்ணின் பால் தேவைப்பட்டது. இல்லத்திலிருந்த செவிலியர் ஒருவரே பல குழந்தைகளுக்குப் பாலூட்ட வேண்டியிருந்தது. எனவே இயன்றவரை குழந்தைகள் சுற்றியுள்ள ஊர்களின் செவிலித்தாய்மாரிடம் கூலிக்கு அனுப்பப்பட்டனர். நெரிசலும் நோயும் மிகுந்த இல்லத்தில் முதல் ஆண்டைக் கடக்காமல் இறந்த குழந்தைகள் ஏராளம். இது நாப்போலிக்கு மட்டும் உரியதன்று. ஐரோப்பாவின் இத்தகைய இல்லங்கள் எல்லாவற்றிலும் இறப்பு விகிதம் வெளியுலகை விட மிக உயர்ந்திருந்தது. இன்று வழங்கும் எஸ்போசிட்டோக்களின் எண்ணிக்கையைக் கொண்டு கைவிடப்பட்டோரின் எண்ணிக்கையை அளவிட முடியாததற்கு இதுவும் ஒரு காரணம். பெயர் இடப்பட்டவர்களுள் பெருந்தொகையினர் அதனை எவருக்கும் வழங்காமலே மறைந்தனர்.

பிழைத்தவர்களுள் ஆண்பிள்ளைகள் தொழில் கற்க அனுப்பப்பட்டனர். சில குழந்தைகளைச் செவிலிக் குடும்பங்களே தம் பிள்ளையாக வைத்துக்கொண்டன. பெண்கள் இல்லத்திலேயே தங்கி நூற்றல், தையல் முதலிய வேலைகளைச் செய்தனர்; திருமணமாகும் பெண்ணுக்கு இல்லமே சீர்ப்பணம் கொடுத்தது.

அடைமொழி குடும்பப்பெயரான விதம்

தொடக்கத்தில் எஸ்போசிட்டோ என்பது பெயரன்று, நிலையைக் குறிக்கும் அடைமொழியே. "அந்தோனியோ, எஸ்போசிட்டோ" என்று பதிவேட்டில் எழுதப்பட்டால், "அந்தோனியோ என்னும் கைவிடப்பட்ட குழந்தை" என்றே பொருள். ஆனால் அந்தோனியோ வளர்ந்து மணம் செய்து, தன் மகனுக்குத் திருமுழுக்கு அளிக்கும்போது, பங்குப் பாதிரியார் தந்தையின் பெயருக்குப் பின்னுள்ள சொல்லை மகனுக்கும் சேர்த்து எழுதினார். இந்த இடத்தில்தான் அடைமொழி குடும்பப்பெயராகிறது. தன் தாய் தந்தையரோடு வளர்ந்த மகனையும் அப்பெயர் "வெளியே வைக்கப்பட்டவர்" என்றே சுட்டியது.

இம்மாற்றத்துக்குப் பின்புலமாக இருந்தது திரெந்து பொதுச்சங்கம் (1545–1563). ஒவ்வொரு பங்கும் திருமுழுக்கு, திருமணம் ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதிவைக்க வேண்டும் என்று அச்சங்கம் விதித்தபின், இத்தாலி முழுவதும் குடும்பப்பெயர்கள் உறுதிப்பட்டன. செந்நிற முடியுடையவர் ரோசி அல்லது ருஸ்ஸோ என்றும், கொல்லர் வழியினர் பெராரி என்றும், ரோமிலிருந்து வந்தவர் ரோமானோ என்றும் நிலைத்தனர். தந்தையோ தொழிலோ ஊரோ அறியப்படாத குழந்தைக்கும் பதிவேட்டில் ஒரு சொல் தேவைப்பட்டது. அவ்விடத்தை நிரப்பிய சொல்லே எஸ்போசிட்டோ.

வம்சாவளி ஆய்வாளர்களுக்கு இந்த இரட்டைத் தன்மை தொல்லை தருவது. பழைய ஏடு ஒன்றில் எஸ்போசிட்டோ என்று காணப்படும் ஒருவர் தாமே கைவிடப்பட்டவரா, கைவிடப்பட்ட ஒருவரின் பேரனா என்பதை அச்சொல்லைக் கொண்டு மட்டும் முடிவு செய்ய இயலாது. தாய் தந்தையர் பெயர் அருகில் உள்ளதா என்று பார்க்க வேண்டும். அனுன்சியாத்தா பதிவேட்டைச் சென்றடைந்தபின் தேடல் பொதுவாக அங்கேயே நின்றுவிடுகிறது. அதற்கு அப்பால் உள்ளது சுவரும் தெருவும் மட்டுமே.

முரா ஆட்சியில் ஏற்பட்ட மாற்றம்

நெப்போலியனின் மைத்துனர் யோக்கிம் முரா 1808 முதல் 1815 வரை நாப்போலியின் அரசராக இருந்தார். பிரெஞ்சு முறையிலான குடிமைப் பதிவு நாப்போலி அரசில் 1809இல் நடைமுறைக்கு வந்தது. பிறப்பைப் பதியும் பொறுப்பு பாதிரியாரிடமிருந்து அரசு அலுவலரிடம் சென்றது. முரா ஆட்சியிலேயே, கைவிடப்பட்ட குழந்தைகள் அனைவருக்கும் எஸ்போசிட்டோ என்ற ஒரே பெயரை இடும் வழக்கம் நிறுத்தப்பட்டது. பிறப்பின் நிலையைப் பெயரிலேயே சுமந்து திரிவது வாழ்நாள் இழிவாக அமைகிறது என்பது ஒரு காரணம். ஒரே பெயருடையோர் ஆயிரக்கணக்கில் பெருகினால் பதிவேடும் வரியும் படைச்சேர்ப்பும் குழம்பும் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். அரசுகள் பெயரைப் பற்றிக் கவலைப்படும்போது இவ்விரண்டாவது காரணம் எப்போதும் அருகில் இருப்பதுண்டு.

அதன்பின் குழந்தைக்குக் குடும்பப்பெயர் புனையும் வேலை அலுவலரின் கற்பனைக்கு விடப்பட்டது. கிழமை, மாதம், அன்றைய புனிதர், பூ, பறவை, கண்டெடுத்த இடம் என எதுவும் பெயராயிற்று. தென் இத்தாலியில் வேறெங்கும் காணப்படாத ஒற்றைக் குடும்பப்பெயர்கள் சில இவ்வாறு பிறந்தவை. எஸ்போசிட்டோ என்ற பெயர் வெளிப்படையாக ஓர் உண்மையைச் சொன்னது. புனைந்த பெயர்கள் அதனை மறைத்தன. ஆயினும் விந்தையான பெயரைக் கேட்டவுடன் ஊரார் காரணத்தை ஊகித்துவிடுவது உண்டு.

சுழல்பேழைகளோ மேலும் பல ஆண்டுகள் நீடித்தன. 1861இல் இத்தாலி ஒன்றுபட்டபின் அவற்றுக்கு எதிரான குரல்கள் வலுத்தன. வட இத்தாலியின் பெராரா நகரில் 1867இலும், மிலானில் 1868இலும், நாப்போலியிலும் புளோரன்சிலும் 1875இலும் அவை மூடப்பட்டன. நாடு முழுவதும் அவை ஒழிக்கப்பட்டது 1923இல். நாப்போலியில் பேழை மூடப்பட்டாலும் குழந்தைகள் காப்பில்லம் 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை இயங்கியது. அங்குள்ள பழைய திறப்பும் மர உருளையும் இன்றும் பார்வையாளருக்குக் காட்டப்படுகின்றன.

பரவல்

எஸ்போசிட்டோ குடும்பங்கள் நாப்போலி மாநகரிலும் அதனைச் சூழ்ந்த மாவட்டத்திலும் மிக அடர்த்தியாக உள்ளன. அடுத்துள்ள கசேர்த்தா, சலேர்னோ முதலிய மாவட்டங்களிலும் இப்பெயர் பரவலாகும். கம்பானியாவைத் தாண்டியவுடன் அடர்த்தி விரைவாகக் குறைகிறது. அனுன்சியாத்தா இல்லத்துக்குக் குழந்தைகள் நகரிலிருந்து மட்டுமின்றி நாட்டுப்புறங்களிலிருந்தும் கொண்டுவரப்பட்டனர். அவ்வாறு வந்தவர்கள் மீண்டும் செவிலித்தாய்மாரின் ஊர்களுக்கு அனுப்பப்பட்டதால், பெயரும் நகரைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் விதைக்கப்பட்டது.

நாப்போலி மட்டும் இத்தனை எஸ்போசிட்டோக்களைக் கொண்டிருப்பதைக் கண்டு, அந்நகரத்தார் பிறரை விட மிகுதியாகக் குழந்தைகளைக் கைவிட்டனர் என்று முடிவு செய்தல் கூடாது. மிலான், புளோரன்ஸ், ரோம் ஆகியவற்றிலும் பெரும் இல்லங்கள் இருந்தன. அங்கெல்லாம் வேறு பெயர்கள் இடப்பட்டன என்பதே வேறுபாடு. மேலும் 17ஆம், 18ஆம் நூற்றாண்டுகளில் நாப்போலி ஐரோப்பாவின் மிகப்பெரிய நகரங்களுள் ஒன்றாக இருந்தது என்பதையும் கருத்திற்கொள்ள வேண்டும்.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கி முதல் உலகப் போர் வரை தென் இத்தாலியர் பெருந்திரளாகக் கடல் கடந்தனர். அவர்களோடு இப்பெயர் ஐக்கிய அமெரிக்கா, கனடா, அர்ச்சென்டினா, பிரேசில் ஆகிய நாடுகளுக்கும், பின்னர் ஆத்திரேலியாவுக்கும் சென்றது. இரண்டாம் உலகப் போருக்குப் பின், 1950களிலும் 1960களிலும், வேலை தேடித் துரின், மிலான் முதலிய வடபுலத் தொழில் நகரங்களுக்குச் சென்ற குடும்பங்களால் வட இத்தாலியிலும் எஸ்போசிட்டோ என்ற பெயர் பழகியதாயிற்று. அங்கு இப்பெயரைக் கேட்டவர் மனத்தில் எழுந்தது "கைவிடப்பட்டவர்" என்பதன்று, "தெற்கத்தியர்" என்பதே.

நாப்போலியில் இப்பெயரின் பழைய இழிவு ஏறத்தாழ முற்றிலும் தேய்ந்துவிட்டது. ஒவ்வொரு தெருவிலும் ஓர் எஸ்போசிட்டோ இருக்கும்போது அப்பெயரைச் சொல்லி எவரையும் தனியே சுட்ட இயலாது. எந்தப் பெருக்கத்தைக் குழப்பம் என்று கருதி அரசு நிறுத்த விரும்பியதோ, அந்தப் பெருக்கமே பெயரின் முள்ளை மழுக்கியது.

பிற நகரங்களில் இடப்பட்ட பெயர்கள்

ரோமிலும் அதனைச் சூழ்ந்த பகுதிகளிலும் வழங்குவது "புரோயெத்தி". "எறியப்பட்டவர்" என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து இது வந்தது. தூய ஆவி மருத்துவமனையின் குழந்தைகளை இவ்வாறு அழைத்தனர்.

புளோரன்ஸ் நகரம் இதனினும் கனிவான சொல்லைத் தேர்ந்துகொண்டது. கட்டடக் கலைஞர் புருனெல்லெஸ்கி வடிவமைத்து 1419இல் கட்டத் தொடங்கப்பட்ட "மாசற்றோர் இல்லம்" 1445இல் திறக்கப்பட்டது. அவ்வாண்டு பெப்ரவரி 5ஆம் நாள், புனித ஆகத்தாவின் திருநாளில், முதற் குழந்தை அங்கு விடப்பட்டது. அப்பெண் குழந்தைக்கு ஆகத்தா ஸ்மெரால்தா என்று பெயரிடப்பட்டது. ஏரோது மன்னனால் கொல்லப்பட்டதாக விவிலியம் கூறும் மாசற்ற குழந்தைகளின் நினைவாகவே இல்லத்தின் பெயர் அமைந்தது. இன்னொச்செந்தி, நொச்செந்தினி என்னும் தஸ்கனிக் குடும்பப்பெயர்கள் அவ்வழி வந்தவை. இல்லத்தின் முகப்பில், துணி சுற்றிய குழந்தைகளைக் காட்டும் நீல வட்ட வடிவச் சுடுமண் சிற்பங்கள் உள்ளன. 1487இல் அந்திரேயா தெல்லா ரொப்பியா செய்த இவை, இன்றளவும் குழந்தை நலத்தின் சின்னங்களாக எடுத்தாளப்படுகின்றன. ஐக்கிய நாடுகள் குழந்தைகள் நிதியத்தின் ஆய்வு நிலையம் ஒன்றும் 1988இல் இவ்வளாகத்திலேயே அமைந்தது.

மிலான் நகரின் பெரிய மருத்துவமனைக்குப் புறாவே சின்னம். ஆகவே அங்கு வந்த குழந்தைகளுக்குப் புறா என்று பொருள்படும் "கொலொம்போ" என்ற பெயர் இடப்பட்டது. 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் இவ்வழக்கம் நின்றது. மிலானிலும் அதன் சுற்றுப்புறத்திலும் இன்று மிகுந்து காணப்படும் பெயர்களுள் கொலொம்போவும் ஒன்று. எனினும் புறா வளர்த்தவர், கொலொம்போ என்ற இயற்பெயருடையவரின் மகன் முதலிய பிற வழிகளிலும் இப்பெயர் தோன்றியிருப்பதால், கொலொம்போக்கள் அனைவரையும் இதில் அடக்க இயலாது. செனோவாவில் பிறந்த கடலோடி கிறித்தோபர் கொலம்பசின் குடும்பப்பெயரும் இதுவே. ஆனால் மிலான் இல்லத்தோடு அவர் குடும்பத்துக்குத் தொடர்பில்லை.

இவையன்றி "கண்டெடுக்கப்பட்டவர்" என்னும் பொருளில் சிசிலியில் "துரொவாத்தோ", "கடவுள் உன்னை வளர்ப்பாராக" என்னும் பொருளில் "தியோத்தல்லேவி", "இறையில்லம்" என்னும் பொருளில் "கசாதேயி" போன்ற பெயர்களும் இவ்வகையில் சேர்க்கப்படுகின்றன.

இன்றைய சட்டநிலை

இத்தாலியில் தந்தை பெயர் அறியப்படாதவரின் ஆவணங்களில் "என்.என்." என்ற எழுத்துகளைப் பொறிக்கும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. "பெயர் அறியேன்" என்னும் இலத்தீன் தொடரின் சுருக்கமாக இது கொள்ளப்பட்டது. எஸ்போசிட்டோ என்ற சொல் முன்பு செய்த வேலையை இவ்விரண்டு எழுத்துகளும் செய்தன எனலாம். 1955ஆம் ஆண்டுச் சட்டம் பொது ஆவணங்களிலிருந்து பெற்றோர் பற்றிய குறிப்பை நீக்கி இதற்கு முடிவு கட்டியது.

இன்றும் இத்தாலியில் ஒரு பெண் தன் பெயரைத் தெரிவிக்காமல் மருத்துவமனையில் குழந்தை பெற்று விட்டுச்செல்லச் சட்டம் இடமளிக்கிறது. அத்தகைய குழந்தைக்குப் பெயரும் குடும்பப்பெயரும் இடுவது குடிமைப் பதிவு அலுவலரின் கடமை. 2000ஆம் ஆண்டின் குடிமைப் பதிவு விதிகளின் 34ஆம் பிரிவு, பெற்றோர் அறியப்படாத குழந்தைக்கு அதன் பிறப்பு நிலையை உணர்த்தும் பெயரையோ குடும்பப்பெயரையோ இடக்கூடாது என்கிறது. வரலாற்றுப் புகழுடைய பெயரையும், அவ்வூரில் நன்கறியப்பட்ட குடும்பத்தின் பெயரையும் இடுவதற்கும் அப்பிரிவு தடைவிதிக்கிறது.

குடும்பப்பெயர் தந்தை வழியாகவே இறங்கி வந்ததால், எஸ்போசிட்டோ பெண்களின் பிள்ளைகளிடம் இப்பெயர் தொடரவில்லை. 2022இல் இத்தாலிய அரசியலமைப்பு நீதிமன்றம், பெற்றோர் வேறுவகையில் உடன்பட்டாலன்றிக் குழந்தை தாய், தந்தை இருவரின் குடும்பப்பெயர்களையும் பெற வேண்டும் என்று தீர்ப்பளித்தது. ஆகவே இனி இப்பெயர் தாய் வழியாகவும் தொடர்வதற்கு இடமுண்டு.

இப்பெயர் கொண்ட குறிப்பிடத்தக்கோர்

நாப்போலியின் பீட்சா செய்வோர் ரஃபாயெலே எஸ்போசிட்டோவின் பெயர் உலகெங்கும் அறியப்பட்டது. 1889இல் இத்தாலிய அரசி மார்கெரித்தா அந்நகருக்கு வந்தபோது, தக்காளி, மொசரெல்லா பாலாடைக்கட்டி, துளசியினத்து இலை ஆகியவற்றை இட்டு அவர் செய்த பீட்சாவுக்கு அரசியின் பெயர் சூட்டப்பட்டது என்பது வழிவழிச் செய்தி. வரலாற்றாய்வாளருள் சிலர் இதனை ஐயுறுகின்றனர். அத்தகைய பீட்சா அதற்கு முன்பே நாப்போலியில் இருந்தது.

மெய்யியலாளர் ரொபேர்த்தோ எஸ்போசிட்டோ 1950இல் கம்பானியாவில் பிறந்தவர். சமூகம் என்பது எதனால் பிணைக்கப்படுகிறது, யாரைத் தன்னுள் ஏற்கிறது என்னும் கேள்விகளைப் பற்றிய "கொம்யூனித்தாஸ்" முதலிய நூல்களால் அறியப்பட்டவர். தாள இசைக்கலைஞர் தோனி எஸ்போசிட்டோவும் நாப்போலியைச் சேர்ந்தவர். 1984இல் வெளிவந்த அவருடைய "கலிம்பா தெ லூனா" என்ற பாடல் ஐரோப்பாவில் பெரும் வரவேற்பைப் பெற்றது. காற்பந்தாட்டத்தில் கஸ்தெல்லம்மாரே தி ஸ்தாபியா ஊரைச் சேர்ந்த சல்வத்தோரே, செபஸ்தியானோ, பிரான்செஸ்கோ பியோ என்னும் எஸ்போசிட்டோ உடன்பிறப்புகள் மூவரும் தொழில்முறை ஆட்டக்காரர்கள்.

கனடாவில் பிறந்த பில் எஸ்போசிட்டோ, தோனி எஸ்போசிட்டோ (1943–2021) ஆகிய உடன்பிறப்புகள் பனி வளைதடிப் பந்தாட்டத்தில் புகழ்பெற்றனர். வட அமெரிக்கத் தேசியக் கூட்டிணைவின் ஒரு பருவத்தில் 100 புள்ளிகளைக் கடந்த முதல் ஆட்டக்காரர் பில் ஆவார் (1968–69). தம்பி தோனி சிக்காகோ அணியின் இலக்குக் காவலராக விளங்கினார். "பிரேக்கிங் பேட்" தொலைக்காட்சித் தொடரில் கஸ் பிரிங் என்னும் பாத்திரத்தை ஏற்ற அமெரிக்க நடிகர் சான்கார்லோ எஸ்போசிட்டோவின் தந்தை நாப்போலிக்காரர்.

ஒத்த பெயர்களைத் தாங்கியவர்களுள் பொலோஞாவைச் சேர்ந்த நடிகை பியேரா தெல்யி எஸ்போஸ்தி (1938–2021), ரோம் நகரின் நடிகர் சிஜி புரோயெத்தி (1940–2020) ஆகியோர் குறிப்பிடத்தக்கவர்கள். தஸ்கனியின் பேஷா ஊரில் பிறந்த தொழிலதிபர் பெர்தினாந்தோ இன்னொச்செந்தியின் (1891–1966) நிறுவனம் 1947 முதல் லாம்பிரெட்டா ஸ்கூட்டர்களைத் தயாரித்தது. அவ்வண்டிகள் பின்னர் இந்தியாவிலும் உரிமம் பெற்றுத் தயாரிக்கப்பட்டமையால், புளோரன்ஸ் இல்லத்துக் குழந்தைகளை நினைவூட்டும் அக்குடும்பப்பெயரைக் கொண்ட நிறுவனத்தின் வண்டி இந்தியத் தெருக்களிலும் பல ஆண்டுகள் ஓடியது.